வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்

ஆர்ச் லினக்ஸில் எம்பிவி என்ற வீடியோ பிளேயரை நிறுவினால், அதன் பொதி மேலாளரான பேக்மேன் ஒரு சிறு குறிப்பையும் காட்டும்: வீடியோ தளங்களில் உள்ளதை ஓட்ட வேண்டுமென்றால் ஒய்டி-டிஎல்பி. அவ்வளவுதான். கட்டாயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வெறும் பெயரோடு விடாமல் எதற்கு என்றும் எழுதிவைத்தாரே, அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. ஒய்டி-டிஎல்பி ஏற்கெனவே கணினியில் இருந்தால், இருக்கிறது என்றும் பக்கத்திலேயே சொல்லிவிடும்.

டெபியன் லினக்ஸ் வேறு ரகம். துணைப் பொதிகளுக்குக் கட்டாயம், பரிந்துரை, யோசனை என்று படி வைத்திருக்கிறது. 2009-இல் வந்த லென்னி பதிப்பிலிருந்து பரிந்துரைகளையும் அதன் பொதி மேலாளரான ஏபிடி தானாகவே இறக்கிவிடுகிறது. பந்தியில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிற மாமா மாதிரி. புதியவருக்கு நல்லதுதான், சின்ன சர்வர் வைத்திருப்பவர் இலையைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆர்ச்சின் வழிதான் பிடிக்கும். யாருக்கும் தேவைப்படாத பொதிகளை பேக்மேனிடம் தேடச் சொன்னாலும், இன்னொன்றுக்கு இப்படி விருப்பத் துணையாக இருப்பதை அது அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. குறை ஒன்றுதான்: நிறுவும்போது அந்தக் குறிப்பு சரசரவென்று மேலே ஓடி மறைந்துவிடும். தவறவிட்டவர்கள் பேக்மேனிடம் பொதியின் பெயரோடு ‘-கியூஐ’ கொடுத்துப் பாருங்கள், மறுபடியும் காட்டும்.