மாலா பின்னிய ஸ்வெட்டர்கள்

படிப்பு முடிந்தது, கல்யாணமும் முடிந்தது, கணவர் முன்னாடியே கிளம்பிப் போயாச்சு. விசா கைக்கு வரும் வரைக்கும் இங்கேயே இருக்கணும். நம்ம ஊர்ல இந்தக் காலகட்டத்தைக் கடக்காத குடும்பமே அபூர்வம். ஆனா கதைகள்ல இது எப்படி வருதுன்னு தேடிப் போனா, பெரும்பாலும் வர்றதே இல்லை. கல்யாணப் பந்தல் ஒரு பத்தி, விமான நிலையம் அடுத்த பத்தி. நடுவில் இருக்கிற வாரங்களோ மாதங்களோ காணாமல் போய்விடுகின்றன. அந்த நாட்களை எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, மூன்று படைப்புகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலாவது, ஜும்பா லாஹிரியின் 'தி தேர்ட் அண்ட் ஃபைனல் கான்டினென்ட்'. 1999ல் வந்த 'இன்டர்பிரெட்டர் ஆஃப் மாலடீஸ்' தொகுப்பின் கடைசிக் கதை. அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்பு புலிட்சர் வாங்கியது. கதை சொல்பவன் ஒரு வங்காளி. லண்டனில் சில வருஷம் இருந்துவிட்டு, 1969ல் பாஸ்டன் பக்கம் எம்ஐடி நூலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். போகிற வழியில் கல்கத்தாவில் இறங்கி மாலாவைக் கல்யாணம் பண்ணிக்கிறான். அவளுக்கு 27 வயசு. சமைப்பாள், பின்னுவாள், படம் வரைவாள், தாகூர் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்வாள். நிறம் போதாது என்று பல பேர் தட்டிக் கழித்த பெண். ஐந்து இரவுகள் சேர்ந்து இருக்கிறார்கள். அவள் அப்பா அம்மாவை நினைத்து அழுகிறாள். பிறகு அவன் பறந்து விடுகிறான்.

இதற்குப் பிறகு கதை அவனோடு போகிறது. 103 வயசு மிஸஸ் கிராஃப்ட் வீட்டில் வாடகை அறை, நிலாவில் கொடி நட்ட செய்தி, கார்ன்ஃபிளேக்ஸும் பாலும். மாலா கல்கத்தாவில் அவன் அண்ணன் வீட்டில் காத்திருக்கிறாள். அந்த வாரங்களில் அவளிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு கடிதம் மட்டும்தான், அதுவும் நாலைந்து வரி. பயணத்துக்குத் தயாராகத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்கிறாள், தனியாக இருப்பதைச் சொல்கிறாள், குளிரையும் பனியையும் பற்றிக் கேட்கிறாள். அதைப் படித்து மனசு அசையவில்லை என்று அவனே நேர்மையாகச் சொல்லிவிடுகிறான்.

பலரும் இந்தக் கதையை மிஸஸ் கிராஃப்டுக்காகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனா எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு இடம். மாலா வந்து இறங்கியதும் பெட்டியிலிருந்து நீல நிறத்தில் இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுக்கிறாள். பிரிந்திருந்த நாட்களில் அவனுக்காகப் பின்னியவை. போட்டுப் பார்க்கிறான். இரண்டுமே அக்குளில் இறுக்கமாக இருக்கிறது. அவ்வளவுதான், கதை நகர்ந்து விடுகிறது.

அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அளவு எடுக்க ஆள் இல்லை. ஐந்து நாள் பழக்கத்தில் மனசில் நின்ற உருவத்தை வைத்துத்தான் பின்னியிருக்கிறாள். காணாமல் போன அந்த வாரங்கள் முழுக்க இந்த ஒரு தகவலுக்குள் இருக்கு. கணவன் பார்வையில் சொல்லப்படும் கதையில் மனைவியின் காத்திருப்பை நேராகக் காட்ட முடியாது. அவன் அங்கே இல்லை, இருந்தாலும் அவனுக்கு அப்போது அக்கறை இல்லை. அந்தத் தடையை லாஹிரி மீறவில்லை, ஒரு துணியின் அளவில் விஷயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவனும் சும்மா இல்லை. தெருவில் ஒரு இந்தியப் பெண்ணின் புடவையை நாய் பிடித்து இழுப்பதைப் பார்த்த பிறகுதான், மாலாவுக்குப் பனிக்காலக் கோட்டும் பூட்ஸும் வாங்க வேண்டியது தன் கடமை என்று அவனுக்கு உறைக்கிறது. ரெண்டு பேரும் முகம் தெரியாத ஒரு ஆளுக்காக உடுப்பு தயார் பண்றாங்க.

இரண்டாவது, சிமமாண்டா அடிச்சியின் 'தி அரேஞ்சர்ஸ் ஆஃப் மேரேஜ்', 2009ல் வந்த தொகுப்பில் உள்ளது. நைஜீரியாவிலிருந்து நியூயார்க் போகும் சினாசாவின் கதை. அவளுக்கு ஆசை என்னவென்றால், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை இன்னொரு தடவை எழுத வேண்டும். வளர்த்த மாமாவும் அத்தையும் அமெரிக்க டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள். லாட்டரி விழுந்த மாதிரி. யார் வேண்டாம் என்பார்கள்?

இங்கே தயாரிப்பு முழுக்க அத்தையின் கையில். அரைத்த எகுசி, காய்ந்த கீரை, உசீசா விதைகள் என்று பெட்டி நிறைகிறது. சுங்கத்தில் விதைகளை மட்டும் பிடுங்கிக் கொள்கிறார்கள், அமெரிக்க மண்ணில் முளைத்து விடுமாம்! வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து கல்லாகிப் போன விதைகள். வீட்டுக்கு வந்தால் கணவன் மிச்சத்தையும் பறிக்கிறான். 'லிஃப்ட்' என்று சொல்லாதே 'எலிவேட்டர்' சொல், நம்ம ஊர் சமையல் வாசனை வெளியே போகக் கூடாது, இந்தா அமெரிக்க சமையல் புத்தகம். அவள் பெயரையே மாற்றிவிடுகிறான். ஊரிலிருந்து கட்டிக் கொடுத்து அனுப்பிய எதுவுமே செல்லவில்லை. வெளியே போக வழியிருக்கா என்று அவள் பார்க்கும்போது, பக்கத்து வீட்டு நியா சொல்வது உணர்ச்சிகரமான எதுவும் இல்லை. காகிதம் கைக்கு வரட்டும், அதுவரை பொறு என்கிறாள்.

எனக்கு இந்தக் கதை லாஹிரி கதையை விடக் கொஞ்சம் தட்டையாகத்தான் பட்டது. கணவனுக்கு ஒரு நல்ல குணம்கூடக் கொடுக்காமல் எழுதியிருக்கிறார். ஆனா அந்தக் 'காகிதம்' விஷயத்தில் அடிச்சி தொட்ட இடத்தை லாஹிரி தொடவில்லை.

ஏன் சொல்றேன்னா, மாலாவின் கணவன் கிரீன் கார்டோடு போனவன். 1965 குடியேற்றச் சட்டம் திறந்த வழியில் போன தலைமுறை அது. மாலா நினைத்திருந்தால் அடுத்த மாசமே வேலைக்குப் போயிருக்கலாம். எங்க தலைமுறை ஹெச்1பியில் போனது, மனைவிமார் ஹெச்4ல் வந்தார்கள். ஹெச்4ல் படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. 2015 மே 26 முதல்தான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க விட்டார்கள். அதுவும் எல்லாருக்கும் இல்லை, முக்கியமாகக் கணவரின் ஐ-140 ஒப்புதல் ஆனவர்களுக்கு.

என் மனைவி 2008ல் பி.இ. முடித்த கையோடு கிளம்பினாள். இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. மாமனார் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு மூணு தடவை நிறுத்துப் பார்த்தார். புளி, இட்லித் தட்டு, பிரஷர் குக்கருக்கு உபரியா ரெண்டு கேஸ்கெட். எல்லாவற்றுக்கும் வீட்டில் பட்டியல் இருந்தது. மார்க் ஷீட்டுகளை லேமினேட் பண்ணி, புடவைக்கு நடுவில் வைத்தார்கள். அவற்றை எப்போது, எங்கே, யாரிடம் காட்டப் போகிறாள் என்று மட்டும் பட்டியலில் இல்லை. ஏழு வருஷம் அந்த ஃபைல் அப்படியே இருந்தது.

இதை மனசில் வைத்துக்கொண்டு லாஹிரியின் நாவல் 'தி நேம்சேக்'குக்கு வந்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. அஷிமா கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேர்ட்ஸ்வொர்த் கவிதை ஒப்பிக்கிறாள். உள்ளே வருமுன் மாப்பிள்ளையின் அமெரிக்க ஷூவுக்குள் யாருக்கும் தெரியாமல் காலை நுழைத்துப் பார்க்கிறாளே, அது அபாரமான இடம். விமானம் ஏறும்போது டம்டம் விமான நிலைய மாடத்தில் 26 சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். ஆனா படிப்பை விட்டுவிட்டு வருவதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள்? இங்கே கணவன் பார்வை என்ற சாக்கு கிடையாது. எல்லார் மனசுக்குள்ளும் போய் வரக்கூடிய நாவல் இது, அஷிமாவின் தனிமையை எத்தனையோ பக்கம் எழுதுகிறது. விட்டுவந்த வீட்டுக்காக அவள் ஏங்குவது தெரிகிறது. விட்டுவந்த வகுப்பறைக்காக ஏங்கினாளா என்பதுக்கு இடமே இல்லை. பின்னாளில் உள்ளூர் நூலகத்தில் பகுதி நேர வேலைக்குப் போகிறாள், அதுவும் போகிற போக்கில் வருகிற தகவல்தான்.

'தேர்ட் அண்ட் ஃபைனல் கான்டினென்ட்' கடைசிப் பக்கத்தில் முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. மகன் ஹார்வர்டில், தோட்டத்தில் தக்காளி, மாலா இப்போது தலையில் முந்தானை போடுவதில்லை. பகலில் அவள் என்ன செய்தாள் என்று கணவன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது நான் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆங்கிலம் பழகத் தானாகக் கடிதம் எழுதிய பெண், வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பாளா?