மலைக்கள்ளனின் இருட்டு

கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு உருவாக்கி 1954இல் வெளியான 'மலைக்கள்ளன்', தமிழுக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். நாமக்கல் கவிஞரின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி. அண்மையில் 'உயர்தெளிவு' என்ற முத்திரையோடு பார்க்கக் கிடைத்த அதன் பிரதி ஒன்று, ரசிகனுக்கு ஏமாற்றம் என்பதோடு நின்றுவிடாமல், படத்தின் அர்த்தத்தையே குலைத்திருக்கிறது.

இப்படத்தின் ஆதாரம் வேஷம். கள்ளனும் வியாபாரி அப்துல் ரஹீமும் ஒருவன்தானா என்ற சந்தேகத்தில் கதை நகர்கிறது. சந்தேகத்துக்கு நிழல் வேண்டும். பிரதியிலோ வெளிச்சத்தை ஏற்றி, இரவை மப்பான பகலாக்கியிருக்கிறார்கள். கள்ளன் ஒளிய இடமில்லை. செட்டின் சாயம்தான் தெரிகிறது.

ஆயிரத்து எண்பது கோடுகள் என்பது திரையின் கணக்கு, மூலத்தின் கணக்கல்ல. கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிரதியையோ, அதிலிருந்து எடுத்த வீடியோ நாடாவையோ பெருக்கினால் புள்ளிகள் கூடும், விவரம் கூடாது. கீறலை அழிக்கும் யந்திரம் பிலிமின் வெள்ளித் துகளையும் சேர்த்தே அழிக்கிறது, முகங்கள் மெழுகாகின்றன. ஏறக்குறைய சதுரமான அக்காலச் சட்டத்தை இன்றைய அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும். இங்கே தலைப்பாகையும் பாதமும் போயிருக்கின்றன. ஒலியில் இரைச்சலைத் துடைத்தவர்கள் பானுமதி பாடும்போது இழுக்கும் மூச்சையும் துடைத்துவிட்டார்கள். ஒற்றைத் தடத்தைப் பல ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டதில் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

இவ்வளவாவது கிடைத்ததே என்பார்கள். சத்யஜித் ராயின் அபு படங்களின் நெகடிவ்கள் 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகின. எரிந்ததில் மிஞ்சியதைப் பதப்படுத்தி, மீதியைப் பிற பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015இல் துகள் கெடாமல் மீட்டார்கள். பணம் மட்டும் செய்த காரியமல்ல இது. எது அழுக்கு, எது படம் என்ற விவேகம் முதலில் வேண்டியிருந்தது.

பட்சிராஜா ஸ்டுடியோ இன்று இல்லை. அங்கே விளக்கைத் தூக்கி வைத்தவன், ஒலி பதிந்தவன், செட்டுக்குச் சாயம் பூசியவன் எல்லோருக்கும் சாட்சி அந்தப் படங்களே. இப்பிரதியே நிலைத்துவிட்டால், கோவைக்காரர்களுக்கு ஒளியமைக்கத் தெரியவில்லை என்றுதான் நாளை பார்ப்பவன் முடிவு கட்டுவான். பிரதி எடுத்தவனின் குற்றம் படைத்தவன் தலையில் ஏறும்.

எந்த மூலத்திலிருந்து எடுத்தது, எதை வெட்டினோம், எதை மாற்றினோம் என்று முதல் சட்டத்திலேயே எழுதிக் காட்டட்டும். கீறலோடு இருந்தாலும் பாதகமில்லை. இரவு இரவாக இருக்க வேண்டும்.