மூன்றாவது பிளேடு

சாகச விமானம் பார்க்கப் போகிறவர்கள் புகையைப் பார்க்கிறார்கள், கரணத்தைப் பார்க்கிறார்கள், இறக்கையின் அடியில் தீட்டிய வண்ணத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு மூக்கு போதும். எஞ்சின் ஓடும்போது மூக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு மங்கல் வட்டம், அதன் ஓரத்தில் மஞ்சள் வளையம். எஞ்சினை அணைத்ததும் வளையம் உடைந்து பிளேடுகளாகப் பிரிந்து, ஒரு குலுக்கலோடு நிற்கும். இரண்டா, மூன்றா என்று எண்ணுவேன். சொந்தக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

சின்னக்கானலில் இருந்துகொண்டு இந்தப் பித்து பிடித்தால் கொஞ்சம் கஷ்டம்தான். இங்கே யானை இறங்கினால் ஊரே பேசும். விமானத்தைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. எங்கள் இடுக்கி மாவட்டத்தில் விமானச் சக்கரம் தரை தொட்ட இடம் என்று சொல்லிக்கொள்ள, தெற்கே வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் சத்திரம் இருக்கிறது. என்சிசி மாணவர்களுக்காகப் போட்ட 650 மீட்டர் ஓடுபாதை. முன்பு ஒருமுறை விமானம் வந்து பார்த்தபோது, பாதையின் முனையில் நின்ற மேடு இறங்க விடவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று ‘வைரஸ் எஸ்டபிள்யூ 80’ என்ற குட்டி விமானம் இறங்கியது. எண்பது குதிரைத்திறன், சாது. கரணம் அடிக்காது. அந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோவை சூலூரில் சாரங் குழு இருக்கிறது. அது ஹெலிகாப்டர், அதன் ரசனை வேறு. புரொப்பல்லர் வைத்த சாகச விமானத்தைப் பார்க்க, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெங்களூரு யெலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியாவுக்குத்தான் மலை இறங்கிப் போக வேண்டும்.

பிரிட்டனிலிருந்து யாகோவ்லெவ்ஸ் என்ற குழு அங்கே வந்து பறந்திருக்கிறது. விமானப்படைக் குழு இல்லை, தனியாருடையது. யாக்-52, யாக்-50 விமானங்கள்தான் அவர்களுடைய குதிரைகள். யாக்-52 சோவியத் பயிற்சி விமானம். ருமேனியாவின் பகாவ் நகரத் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,800 செய்தார்கள். சோவியத் யூனியன் கலைந்த பிறகு பறக்கும் கிளப்புகளிலிருந்து இவை மலிவாக வெளியே வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனியார் வாங்கிக் கொட்டகையில் கட்டிக்கொண்டார்கள். ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கும் எம்-14பி எஞ்சின், 360 குதிரைத்திறன். அழுத்தக் காற்றால் கிளப்புகிறார்கள். ‘புஸ்’ஸென்று சீறி, இருமி, வெண்புகை கக்கித்தான் எழும்பும்.

பிறக்கும்போது அதன் மூக்கில் இரண்டு பிளேடு. வி-530 என்று பெயர், நுனிக்கு நுனி 2.4 மீட்டர், மரம், முன்விளிம்பில் உலோகக் கவசம். துடுப்பு போல அகலமான பிளேடுகள். யாக் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். இதைக் கழற்றிவிட்டு, ஜெர்மனியில் பவேரியாவின் ஸ்ட்ராபிங் ஊருக்குப் பக்கத்தில் எம்டி நிறுவனம் செய்யும் மூன்று பிளேடு புரொப்பல்லரை மாட்டுவார். பழைய மரத்துக்கு வயதாகிவிட்டது, உதிரி கிடைக்கவில்லை என்று காரணம் சொல்வார். அதுவும் உண்மைதான். ஆனால் மூன்றாவது பிளேடு வந்ததும் விமானத்தின் சுபாவமே மாறுகிறது. அந்த மாற்றத்தை ரசிக்க, பிளேடு என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நிற்கிற புரொப்பல்லரை அருகில் போய்ப் பாருங்கள், நடுவிலிருந்து நுனிவரை கண்ணை ஓட்டுங்கள். அச்சுப் பக்கம் தடித்து, செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். நுனிப் பக்கம் மெலிந்து படுத்துவிடும். அலங்காரத்துக்காக முறுக்கியது இல்லை. யாக் மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறது, புரொப்பல்லர் நிமிடத்துக்கு 1,900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு விமானம் சுமார் 1.75 மீட்டர் முன்னேறும். அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இடம் அந்த ஒரு சுற்றில் 1.9 மீட்டர்தான் வட்டமடிக்கிறது. நுனியோ ஏழரை மீட்டர் ஓட வேண்டும். ஆகவே உள்ளே காற்று ஏறக்குறைய 43 டிகிரிச் சரிவில் வந்து மோதும், நுனியில் வெறும் 13 டிகிரி. ஒவ்வோர் அங்குலமும் தனக்கு வரும் காற்றைச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டும் என்றால் பிளேடு முறுகித்தான் ஆக வேண்டும். ரைட் சகோதரர்கள் 1903-ல் ஸ்ப்ரூஸ் மரத்தைக் கைக்கோடரியால் செதுக்கியபோது கண்டுகொண்டது இதைத்தான்: புரொப்பல்லர் என்பது சுழல்கிற இறக்கை. கப்பலின் திருகை அப்படியே தூக்கி மாட்டினால் போதும் என்று நினைத்தவர்கள் தரையிலேயே நின்றார்கள்.

பயண விமானத்துக்கு இந்தக் கணக்கு போதும். சாகச விமானத்துக்கு இனிமேல்தான் வம்பு.

சுழல்கிற எடை எதுவும் தன் அச்சைத் திருப்ப விடாது. திருப்பினால் தொண்ணூறு டிகிரி தள்ளி இன்னொரு பக்கம் உதைக்கும். பம்பரம் விட்டவர்களுக்குத் தெரிந்த சங்கதி. லூப் போடும்போது மூக்கு மெதுவாக எழுவதால் உதை சின்னதாக இருக்கும். சட்டென்று உருளும் ஃப்ளிக் ரோலிலும், விமானம் தலைகால் புரியாமல் உருளும் லோம்சோவாக்கிலும் மூக்கு வினாடிக்குள் சுண்டி இழுக்கப்படுகிறது. இப்போது இரண்டு பிளேடை நினைத்துப் பாருங்கள். பிளேடுகள் செங்குத்தாக நிற்கும் கணத்தில் மூக்கைத் தூக்குவது கடினம். கிடைமட்டமாக நிற்கும் கணத்தில் அநேகமாக எதிர்ப்பே இல்லை. கால் சுற்றுக்குள் எதிர்ப்பு, கால் சுற்றுக்குள் விடுதலை. பக்கவாட்டு உதையும் அப்படியே, ஒரு சுற்றில் இரண்டு முறை பூஜ்யத்துக்கும் சராசரியின் இரு மடங்குக்கும் இடையே அடித்துக்கொண்டே இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டை இது வினாடிக்கு அறுபது தடவைக்கு மேல் வளைத்து நிமிர்த்துகிறது. மூன்றாவது பிளேடு வந்ததும் இந்தத் துடிப்பு மொத்தமாக மறைந்துவிடும். எந்த நிலையில் நின்றாலும் எடை எல்லாத் திசைக்கும் சமமாகப் பங்காகிவிடுகிறது. உதை இருக்கும், ஆனால் சீராக இருக்கும். மூன்று என்ற எண்ணின் அழகு இது. நான்கும் ஐந்தும் இதையே செய்யும், எடையைக் கூட்டிக்கொண்டு.

அமெரிக்கர்களுக்கு இந்தப் பாடம் அலுமினியத்தின் வழியாக வந்தது. கர்டிஸ் பிட்ஸ் 1940களில் தொடங்கி உருவாக்கிய பிட்ஸ் ஸ்பெஷல் என்ற குட்டி இரட்டைத்தட்டு விமானம் தனியார் சாகசக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதன் லைகமிங் எஞ்சினில் கியர் கிடையாது. புரொப்பல்லர் நேராக கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உட்காரும். கனமான இரண்டு உலோக பிளேடு, ஓயாத ஃப்ளிக் ரோல். உதையெல்லாம் கிராங்கின் கழுத்தில்தான் போய் விழும். சாகச எஞ்சின்களில் அந்தக் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது மெக்கானிக்குகளுக்கு ஒரு கட்டாய வேலையாகவே ஆனது. பிட்ஸ் வைத்திருந்த பலர் மூன்று பிளேடு எம்டிக்கு மாறியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எனக்கு ஆச்சரியம், அந்த நவீன பிளேடின் உள்ளே இருப்பது. வெளியே பளபளவென்று கண்ணாடியிழை, முன்விளிம்பில் உலோகம். உள்ளே மரம்! அடிப்பகுதியில் அழுத்தி இறுக்கிய பீச், அதற்கு மேல் ஸ்ப்ரூஸ். அலுமினியத்திலிருந்து முன்னேறியவர்கள் மரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்; ரஷ்யர்களோ மரத்தை விட்டுப் போகவே இல்லை. தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 போர் விமானத்தை நாம் அறிவோம். அதே சுகோய்க்காரர்கள் 1984-ல் பறக்கவிட்ட சு-26 என்ற சாகச விமானம் புவியீர்ப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு தாங்கும். அதுகூட யாக்கின் இரண்டு மர பிளேடோடுதான் பிறந்தது, பிறகு ஜெர்மானிய மூன்று பிளேடுக்கு மாறியது.

மரம் ஏன்? எடை ஒரு காரணம். பிளேடின் நடுவில் இருக்கும் ஒரு கிலோ எடை, சுழலும்போது ஏறக்குறைய 2,400 கிலோவாக வெளியே இழுக்கும். குறைக்கிற ஒவ்வொரு கிராமும் பிளேடுகளைப் பிடித்திருக்கும் ஹப்புக்கு நிம்மதி. இன்னொரு காரணம், அலுமினியம் அசதியை மறப்பதில்லை. சின்ன வளைவாக இருந்தாலும் கோடி முறை வளைத்தால் ஒருநாள் கணக்குத் தீர்த்துவிடும். ஓடுபாதைக் கல் பட்ட ஒரு கீறலை அரம் வைத்து ராவாமல் விட்டால் அங்கிருந்து விரிசல் கிளம்பும். மரமோ அதிர்வை வாங்கி உள்ளேயே கரைத்துவிடுகிறது. சக்கரத்தை இறக்க மறந்து விமானத்தை வயிற்றால் இறக்கினாலும் (யாக்கில் இது நடக்கும்) மர பிளேடு நொறுங்கிச் சிதறி, எஞ்சினை ஓரளவு காப்பாற்றிவிடும். மரத்தின் எதிரி ஈரம். நம் ஜூன் மாதச் சாரலில் மூடாத மர புரொப்பல்லரை நட்டமாக நிறுத்தி வைத்தால் தண்ணீர் கீழ் பிளேடுக்கு இறங்கி எடை ஒரு பக்கம் சாயும். கிடைமட்டமாக நிறுத்து என்பது பழைய கொட்டகைச் சட்டம். இழைப் போர்வை வந்து அந்தக் கவலையைப் பெரும்பாலும் தீர்த்தது.

போர்வையும் மரமும் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? காசை எடுத்துத் தட்டுகிறார்கள். அங்குலம் அங்குலமாக, பிளேடின் மேல் ஒரு நாணயம். ‘டிக் டிக்’ என்று கணீரென்று வந்துகொண்டிருக்கும். ஒட்டு விட்ட இடத்தில் ‘டொக்’ என்று மந்தமாகும். பாலக்காடு பெருவெம்பில் மத்தளத்துக்குப் பலாக்கட்டையைத் தட்டிப் பார்க்கிற கையும் காதும் செய்வதும், ஜெர்மானியப் பட்டறையில் செய்வதும் ஒரே வேலை. இரண்டு இடத்திலும் காது சொன்ன பிறகுதான் கருவி.

பாலக்காடு என்றதும் சங்கீதம் வராமல் போகாது. யாக் இரண்டு பிளேடோடு 1,900 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 63 முறை காற்றை அறைகிறது, அதுதான் அடிச்சுருதி. மூன்று பிளேடு மாட்டினால் அதே சுற்றில் 95. இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதமேதான். சொந்தக்காரர் பணம் கட்டி வாங்கியது இழுவிசையும் அதிர்வில்லாத ஓட்டமும். கூடவே விமானம் ‘ஸ’விலிருந்து ‘ப’வுக்கு ஏறிவிட்டது. கீழே நிற்கிறவனுக்கு இந்த ஏற்றம் முழு லாபமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு பிளேடு யாக் தலைக்கு மேல் போகும்போது நெஞ்செலும்பில் ஓர் உறுமல் இறங்கும். மூன்று பிளேடில் அது மெருகேறி, கொஞ்சம் நாகரிகமாகிவிடுகிறது. விமானி மூன்றைக் கேட்பது நியாயம். ரசிகன் ஓட்டுப் போட்டால் பழைய இரண்டுக்கும் சில ஓட்டு விழும்.

பிளேடு மட்டுமே புரொப்பல்லர் ஆகிவிடாது. ஹப்புக்குள் எண்ணெய் அழுத்தம் பிளேடுகளைத் திருப்பிக் கோணத்தை மாற்றுகிறது. கவர்னர் என்ற சின்னக் கருவி சுற்றை ஒரே எண்ணில் பிடித்துவைக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது மூணாறு மலை மட்டத்தில், காற்று கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு மெலிவு. கோணம் மாறாத புரொப்பல்லர் என்றால் எங்கள் ஊர்க் காற்றில் பிடிப்பில்லாமல் திணறும். மாறுகிற பிளேடு இன்னும் கொஞ்சம் சாய்ந்து வேண்டியதை அள்ளிக்கொள்ளும். சாகச விமானத்தில் இதற்கு ஒரு தலைகீழ் ஏற்பாடு உண்டு. சாதாரண ஒற்றை எஞ்சின் விமானத்தில் எண்ணெய் அழுத்தம் போனால் பிளேடு பெரும்பாலும் படுத்துவிடும், சுற்று எகிறும். தலைகீழாகப் பறக்கிறவனுக்கு எண்ணெய் ஒரு கணம் தவறுவது சகஜம். அதனால் பிளேடின் அடியில் எதிர் எடைகளை வைத்து, அழுத்தம் விட்டால் பிளேடு நிமிரும்படி செய்திருப்பார்கள். சுற்று இறங்கும், எஞ்சின் பிழைக்கும்.

புது புரொப்பல்லரை மாட்டிய அன்றே பறந்துவிட முடியாது. முதலில் ஒரு கட்டையைத் தரையில் நிறுத்தி, பிளேடுகளைக் கையால் ஒவ்வொன்றாகச் சுற்றி, நுனிகள் எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். மரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்தான் பொறுப்பார்கள். பிறகு எஞ்சினில் அதிர்வு உணரியை ஒட்டி ஓட்டி, மூக்குக் கூம்பின் பின்தட்டில் சின்னச் சின்ன எடைகளைத் திருகிச் சமன் செய்வார்கள். காகித வேலை தனிக் கதை. எந்த நாட்டிலும் அது பிளேடைவிடக் கனம்.

ரசிக்க எனக்குப் பிடித்த இடம் இறங்குமுகம். போட்டியில் பறக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் 1,000 மீட்டர் என்று ஆகாயத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி. அதற்குள்ளேயே எல்லாக் கரணமும் முடிய வேண்டும். செங்குத்தாகத் தலைகுப்புற விழும்போது எஞ்சினைத் தணித்தால் பிளேடுகள் படுத்து, புரொப்பல்லர் ஒரு தட்டு போலக் காற்றை மறிக்கும். மூன்று பிளேடு இரண்டைவிட நன்றாக மறிக்கும். விமானி அவசரப்பட்டு இழுக்காமல், நேர்கோட்டை இன்னும் ஒரு நொடி நீட்டிக் காட்டலாம். மேலே ஏறுவதற்கு என்று வாங்கிய பிளேடின் நயம் விழும்போதுதான் தெரிகிறது.

யெலஹங்காவுக்குப் போகிறவர்கள் ஸ்டால் டர்னையும் தவறவிடக் கூடாது. செங்குத்தாக ஏறி, வேகம் செத்து, உச்சியில் பக்கவாட்டில் மடிந்து விழும் கரணம். மடிய வைப்பதில் பாதி வேலை புரொப்பல்லர் சுழற்றி அனுப்பும் காற்றினுடையது. லைகமிங் எஞ்சின் வைத்த பிட்ஸும், எக்ஸ்ட்ரா என்ற சாகச விமானமும் விமானியின் இடப்பக்கம் மடியும்; ரஷ்ய எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் யாக் வலப்பக்கம் மடியும். எத்தனை பிளேடு மாற்றினாலும் அது மாறுவதில்லை.