பாட்டின்றிப் பின்வாங்கல்: ஆர்மீனியப் புலம்பெயர் நாவலொன்று

ஆர்மீனிய மொழியின் முதற் பத்திரிகை ஆர்மீனியாவிலே தோன்றியதன்று. 1794ஆம் ஆண்டு சென்னைப் பட்டினத்திலே தோன்றியது. ஹருத்தியூன் ஷ்மவோனியன் என்னும் பாதிரியார் அங்கு வெளியிட்ட 'அஸ்தரார்' 1796இல் நின்றுபோயிற்று. அதற்கு முன்னரே அந்நகரத்து ஆர்மீனிய வணிகர் ஷஹமிர் ஷஹமிரியன் 1772இல் அச்சகம் ஒன்று நிறுவியிருந்தார். விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கென வகுத்த அரசியற் சட்டநூலொன்று, முகப்பேட்டில் 1773 என்னும் ஆண்டுடன், அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. நாடு கைவரப் பெறாதோர் நாட்டுக்குச் சட்டம் எழுதினர்! முதல் ஆர்மீனிய அச்சுநூல் 1512இல் வெனிசிலும், விவிலியம் 1666இல் அம்ஸ்ரடாமிலும் அச்சேறியமையை நோக்குமிடத்து, அயல்மண்ணில் நூல் செய்தல் இம்மக்களுக்குப் புதிதன்று என்பது புலப்படும்.

ஆயினும், அக்காலப் புலம்பெயர்ந்தோர்க்குத் திரும்பி நோக்க ஊர் இருந்தது. 1915க்குப் பின் அதுவும் இல்லை. அவ்வாண்டு ஏப்பிரில் 24ஆந் திகதி கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆர்மீனிய அறிஞரைச் சிறைப்பிடித்த ஒட்டோமன் அரசு, தன் ஆட்சிக்குட்பட்ட ஆர்மீனிய மக்களை வேரோடு பெயர்த்தது. தானியேல் வருஷான், சியமாந்தோ ஆகிய பெருங்கவிஞர் இருவரும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். எஞ்சியோர் அலெப்போ, பெய்ரூத், மார்செய், பாரிஸ் ஆகிய நகரங்களிற் சிதறினர்.

இத்தகையோரிடமிருந்து இலக்கியம் பிறக்குமாயின் அது புலம்பலாகவே இருத்தல் வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பர். புலம்பலுக்கு ஆர்மீனியத்தில் உயர்ந்த மரபும் உண்டு. நரேக்கின் கிரிகோர் என்னும் துறவி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொண்ணூற்றைந்து பகுதிகளாகப் பாடிய புலம்பல்நூலை, நோயாளியின் தலையணையின் கீழ் வைத்துப் போற்றுவது அம்மக்களின் வழக்கம். 1929இல் பாரிஸில் 'ஹராச்' என்னும் நாளிதழிலே தொடராக வந்த 'பாட்டின்றிப் பின்வாங்கல்' என்னும் நாவலோ அந்த நூலின்மீதே கை வைத்தது. அது மக்களின் மனவலிமையைக் குலைக்கும் நூல் என்று நாவலின் பாத்திரமொன்று சாடுகின்றது. வாசகர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

ஆசிரியர் ஷஹான் ஷாநூர் 1903இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் பிறந்து, 1923இல் பாரிஸ் சென்றவர். அவருடைய கதைத்தலைவன் பெத்ரோஸ் புகைப்படத் தொழிலாளி. பாரிஸ் அவனைப் பியேர் ஆக்குகின்றது. பிரெஞ்சுப் பெண்ணொருத்தியின் காதல் அவனை மேலும் கரைக்கின்றது. துப்பாக்கியோ கட்டளையோ இங்கில்லை. பெயர் போகின்றது; பின் பேச்சு, உறவு, நினைவு ஒவ்வொன்றாய் நழுவுகின்றன. இந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட துணைத்தலைப்பு 'ஆர்மீனியரின் படங்களுடன் கூடிய வரலாறு' என்பதாகும். அரசரும் போரும் வரவேண்டிய ஏட்டில் வாடகை அறையும் படப்பிடிப்பு நிலையமும் வருகின்றன. இக்குத்தல்தான் நூலின் உயிர். புகைப்படக்காரன் முகத்துச் சுருக்கங்களை அழித்துத் தருபவன். ஷாநூர் ஒரு சுருக்கத்தையும் அழிக்கவில்லை.

இனத்தைப் பழித்தார், ஆபாசம் எழுதினார் என அவர்மீது சுமத்திய குற்றங்கள் நியாயமானவையல்ல. அழிவைச் செய்தவனைச் சுட்டுவது எளிது. தப்பிப் பிழைத்தவன் தன் கையாலேயே இழப்பதைச் சுட்டுதற்கு வேறொரு துணிவு வேண்டும். குறை நூலில் இல்லாமலில்லை. பாத்திரங்கள் வாழ்வதை விடுத்து நெடுநேரம் வாதிடும் இடங்களிற் கதை தளர்கின்றது. நரேக் பற்றிய பகுதியும் அத்தகையதே. அங்கே பேசுவது பாத்திரமா, இருபத்தாறு வயது இளைஞனின் சினமா என்று ஐயுற இடமுண்டு. மேலும், அந்நூலின் மன்றாட்டில் உள்ள இறைமுன் தன்னொடுக்கம் வேறு, தோற்றவனின் சோர்வு வேறு. இவ்வேறுபாட்டை அச்சினம் காணவில்லை.

பின்னர் ஷாநூரே ஆர்மேன் லுபேன் என்னும் பெயரிற் பிரெஞ்சுக் கவிஞரானார். நெடுங்காலம் மருத்துவமனைகளிற் படுத்தவாறே அக்கவிதைகளை எழுதினார். பெத்ரோஸ் பியேர் ஆனதைப் போன்றதே இதுவும் எனச் சிலர் நகைக்கலாம். ஆனால், முதுமையில் அவர் ஆர்மீனியத்துக்கு மீண்டும் வந்து எழுதினார், 1974இல் மறைந்தார். அவர் எழுதிய மேலை ஆர்மீனியத்தை யுனெஸ்கோ 2010இல் அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் வரிசையிற் சேர்த்தது. 1925இல் தொடங்கிய 'ஹராச்' அதற்கு முந்திய ஆண்டிலேயே நின்றுவிட்டது. அன்று அந்த இதழைப் படித்து அவரை வைதோரின் பேரப்பிள்ளைகள், ஆர்மீனிய எழுத்தறியாதாராயின், அந்நாவலை இன்று பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலே படிக்கலாம்.