வியாகுலமும் துணிவும்: ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் புனித தோமையார் ஆலயமும் உள்ளன. சிறிது தூரம் நடந்தால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம். துறைமுகத் தொழிலாளர், கடைச் சிற்றூழியர், மலையகத்திலிருந்து வேலைதேடி வந்தோர் எனப் பலதிறத்தினர் செவ்வாய்க்கிழமைகளில் அங்குக் கூடுவர். அவருள் இந்துக்களும் பௌத்தரும் உளர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அத்திருத்தலத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அவ்வாண்டு யூன் மாதம் ஆலயம் மீளத் திறக்கப்பட்டபோது மக்கள் திரும்பி வந்தனர். இத்துணிவின் ஊற்று யாது? இறைநம்பிக்கை என்று விடையிறுத்தல் எளிது. மயக்கம் என்று ஒதுக்குதல் அதனினும் எளிது. இரண்டும் ஆய்வாகா.

முற்போக்கு விமர்சகராகிய நாம் இவ்விடயத்தில் ஒரு குறையை ஏற்றல் வேண்டும். பேராசிரியர் கைலாசபதி ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரையிற் பக்தி இயக்கத்தின் சமூக அடித்தளத்தை ஆராய்ந்து காட்டினார். அந்நோக்கினை ஈழத்துக் கிறித்தவ இலக்கியத்தின்மேற் செலுத்த நாம் பெரிதும் முற்படவில்லை. அதனைச் சமயத்தவரின் பொறுப்பென விட்டுவிட்டோம். மதத்தை அபினி என்ற மார்க்ஸ், 1844இல் எழுதிய அதே பகுதியில், அது துன்பத்தின் வெளிப்பாடும் துன்பத்துக்கெதிரான முறையீடும் ஆகும் என்றார். முதற்கூற்றை மனனஞ் செய்த நாம் மற்றதை மறந்தோம்.

இரு நூல்களை ஒப்புநோக்கின் இது தெளிவாகும். முதலாவது, பேதுருப் புலவர் 1647இல் இயற்றிய சந்தியோகுமையோர் அம்மானை. யாழ்ப்பாணம் அன்று போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. ஐபீரியப் போர் மரபிற் குதிரைமீது தோன்றும் வீரப் புனிதரே சந்தியோகுமையோர். ஆளுஞ்சக்தியின் சமயமாகக் கத்தோலிக்கம் விளங்கிய காலத்தில், துணிவு என்பது வெற்றியாகவும் வாளாகவும் உருவகிக்கப்பட்டமை இயல்பே.

பதினொரு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கினர். 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்தில் மறைந்தே யாழ்ப்பாணம் புகுந்தார். அவர்வழியில் 1705இல் வந்த கோவாப் பார்ப்பனக் குலத்தவரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை யாத்தார். அச்சியந்திரம் ஒல்லாந்தர் வசமாயிருந்த அந்நூற்றாண்டில், அவருடைய நூல்கள் ஏட்டுச்சுவடிகளாகவே பரவின. அவற்றுள் ஒன்று வியாகுல பிரசங்கம்.

இந்நூலின் பொருள் கிறித்துவின் பாடுகள். இங்கே வாளேந்திய வீரர் இல்லை. அரச அதிகாரத்தாற் கொலையுண்டவரும் அவர்பொருட்டு அழும் தாயுமே நடுநாயகமாகின்றனர். தவக்காலத்தில் இதனைப் புலம்பலிசையில் இழுத்து வாசிக்கும் மரபு ஈழத்துக் கத்தோலிக்கரிடையே வேரூன்றியது. ஒப்பாரி நம் சமூகத்திற் பெரிதும் பெண்களுக்குரிய வடிவம். ஏடறியா மக்களும் ஆளும் வடிவம். ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்று தன் இறைநம்பிக்கையை அவ்வடிவத்தின் வழி வெளியிட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது. தம் வீட்டுத் துயரும் ஆலயத்துத் துயரும் ஒரே குரலில் ஒலிக்கையில், தனித்தழுதவர் கூடியழுவோராகின்றனர். கூடியழுதல் அச்சத்தைக் குறைக்கும். இறைவன் தம்மைப்போல் அடிபட்டவன் என்ற எண்ணமே ஈண்டு நம்பிக்கையின் உள்ளடக்கம். சமூக நிலை மாறியபோது துணிவு என்ற கருத்தும் மாறிற்று. வெல்லும் துணிவு தாங்கும் துணிவாயிற்று.

இதன் எல்லைகளையும் சுட்டுதல் கடன். பாடுகளுக்கு மறுமைப் பொருள் கற்பிக்கும் இலக்கியம், துன்பத்துக்கு இம்மையிற் காரணரானோரை வினவுவதில் தயங்குகிறது. சாதி ஒடுக்குமுறையை அது தொடவில்லை. கொன்சால்வெஸ் அடிகளாரின் பணியே கண்டியரசனின் ஆதரவில் நிலைபெற்றது. தாங்கும் துணிவு பணிவாகத் திரிதற்கு எப்போதும் இடமுண்டு.

எனினும், அத்திரிபு தவிர்க்கவியலாத ஒன்றன்று என்பதற்குக் கொச்சிக்கடையே சான்று. அத்திருத்தலத்தின் தோற்றம் பற்றிய ஐதிகமும் ஒல்லாந்தர் காலத்ததே: ஒளித்து வாழ்ந்த குருவானவரை மீனவர் காத்தனர், அவர் சிலுவை நாட்டி வேண்டக் கடலரிப்பு நின்றது என்பர். அற்புதத்தை நம்பாதவரும், சட்டத்தை மீறி ஒருவரை மறைத்த மீனவரின் துணிவை நம்பலாம். 2019இன் பின்னரும் மக்கள் மெழுகுதிரி ஏற்றுவதோடு அமையவில்லை. உறவினரை இழந்தோரும் குருமாரும் வழக்கறிஞரும் உயர் நீதிமன்றை நாடினர். முன்கூட்டிய உளவுத் தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என அம்மன்று 2023 சனவரி 12இல் தீர்த்தது. முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. வியாகுலம் இங்கே வினாவாகிவிட்டது.

ஆகவே, நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதோடு நம் விசாரணை நின்றுவிடலாகாது. எம்மக்களின் நம்பிக்கை, எக்காலத்தில், எவ்வடிவில், எவருக்கெதிராக எழுந்தது என்பதே ஆராயற்பாலது. அழுதவர் குரலைக் கேளாத விமர்சனம், அவர்தம் விடுதலையைப் பேசும் உரிமையை இழந்துவிடும்.