மல்லாட்டையில் ஓர் அளவு

ஓமந்தூர், திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருப்பதும் திண்டிவனம்தான். சரியாகக் காயாத மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேரும். நேரடியாக உண்ணும் கடலையில் அதன் பி1 வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்.

இவ்வளவு நுண்ணிய அளவைக் காண, திரவ குரோமட்டோகிராபி நஞ்சைப் பிரித்துத் தரும். பிறகு நிறை நிறமாலைமானி அதன் 313 நிறையுள்ள அயனியை உடைத்து 285, 241 என்னும் துண்டுகளைத் தேடும். வரும் எண்ணை நம்புமுன் முறையையே சோதிக்க வேண்டும். நஞ்சில்லாத கடலை மாவில் தெரிந்த அளவு நஞ்சைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பதே இதில் மிக அழகான பகுதி. கடலையின் எண்ணெய்ப்பசை அயனியாக்கத்தை அமுக்கக்கூடும். அதனால் ஒப்பீட்டுக் கரைசல்களையும் கடலைச் சாற்றிலேயே தயாரிப்பதுண்டு. வேறொரு நாளில் வேறொருவர் செய்தாலும் விடை நெருங்கி வர வேண்டும்.