பெயருள்ள மீனும் பெயரில்லா ஓவியரும்

மனித உருவப்படங்களையும் உயிரினப் படங்களையும் ஒரே கூடத்தில் காட்சிப்படுத்தும்போது, இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாமா என்னும் வினா எழுகிறது. 2019 டிசம்பரில் இலண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘மறக்கப்பட்ட மேதைகள்’ கண்காட்சி இவ்வினாவுக்கு இடமளித்தது. வில்லியம் டால்ரிம்பிள் தொகுத்தமைத்த இக்காட்சி, கிழக்கிந்தியக் கம்பெனியாருக்காக இந்தியர் தீட்டிய படங்களைப் புரவலர் பெயரை முதன்மைப்படுத்தாது ஓவியரை முன்னிறுத்திக் காட்டியது. பாட்னாவைச் சேர்ந்த ஷேக் சைனுத்தீனின் பறவைகளும், டெல்லியில் ஃபிரேசர் சகோதரர்களுக்காகத் தீட்டப்பட்ட மனிதர்களும், வேலூர் எல்லப்பா ஓவியம் தீட்டும் நிலையில் தம்மையே வரைந்துகொண்ட படமும் அதில் அடங்கும். இத்துறை ஆய்வில் இது தவிர்க்கவியலாத திருத்தம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அனைத்தையும் ‘மேதைமை’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கியதில் ஒரு வேறுபாடு மங்கிவிட்டது. ஃபிரேசர் தொகுப்பின் மாந்தர் பலர், நிலமோ வானமோ இல்லாத வெற்றுத்தாளின் வெண்மையில் நிற்கின்றனர். இது உயிரினப் படத்தின் மரபு. எனினும், அவர்களுள் பலருடைய பெயர்கள் தாளிலேயே எழுதப்பட்டுள்ளன. அக்காலத்தில் தஞ்சாவூரில் தீட்டப்பட்ட சாதி, தொழில் வரிசைப் படங்களிலோ கணவனும் மனைவியும் சாதிப்பெயரால் மட்டுமே சுட்டப்படுகின்றனர். முன்னது உருவப்படம், பின்னது மாதிரி. இரண்டையும் பிரிப்பது தூரிகைத் திறன் அன்று, பெயரே எனலாம்.

இந்நோக்கில் கடலுயிர்ப் படங்களை உருவப்படங்களின் அருகில் வைத்துக் காண்பது பயனுடையது. மருத்துவரும் இயற்கையியலாளருமான பேட்ரிக் ரசல், சோழமண்டலக் கடற்கரையின் விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களைப் பற்றிய நூலை 1803இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மூலப் படங்கள் இந்திய ஓவியர் கையால் ஆனவை. மீன் படம் உருவப்படத்திற்கு நேர் எதிரான கட்டுப்பாடுகளை உடையது. ஓவியர் முன் கிடப்பது ஒரு குறிப்பிட்ட மீன். அவர் வரைய வேண்டியதோ அம்மீனின் இனம். துடுப்பில் கிழிசல் இருப்பின் அதைச் சீர்செய்தாக வேண்டும். துடுப்பு முட்களைப் பிழையின்றி எண்ணியாக வேண்டும். இறந்த மீனின் நிறமோ விரைவில் மங்கிவிடும், கைவேகமும் வேண்டும். உருவப்பட ஓவியர் எதைத் தேடுகிறாரோ அதனை மீன் ஓவியர் நீக்குகிறார். இரண்டாவது எளிய பணி என்று கருதுவது பிழை.

ரசல் மீன்களின் தெலுங்குப் பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்தார். அவற்றுள் ஒன்று ‘கானகுர்த்த’. அவர் நூலின் படத்தையும் விவரிப்பையும் கொண்டு 1816இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அம்மீனுக்கு அறிவியற் பெயரிட்டபோது அச்சொல்லையே ஏற்றார். ராஸ்ட்ரெல்லிஜர் கானகுர்தா என இன்றும் அது நிலைத்துள்ளது. நம் கடற்கரைகளில் காணாங்கெளுத்தி எனப்படுவதும் இம்மீனே (இரு பெயர்களின் ஒலியொற்றுமை மொழியியலாரின் கவனத்திற்குரியது). மீனவர் வாய்ச்சொல் உலக அறிவியலில் இடம்பெற்றது. மீனைத் தாளில் கொணர்ந்த கை பெயரின்றிப் போயிற்று. நாம் இன்றும் ‘ரசலின் மீன்கள்’ என்றே எழுதுகிறோம்.

எல்லப்பா தம்மைத் தாமே வரைந்தமையால் அவருக்குக் கண்காட்சியில் முகமும் பெயரும் கிட்டின. விசாகப்பட்டினத்து ஓவியருக்கு அவ்வாய்ப்பில்லை. பெயர் அறிந்தவரை மட்டும் மேதையர் எனக் கொண்டாடும் முறை, ஆவணத்தின் குறையை ஓவியத்தின் குறையாக்கிவிடுகிறது. ரசல் நூலின் தகடு ஒன்று இனி இத்தகைய உருவப்படங்களின் அருகே வைக்கப்படுமாயின், அதன் விளக்க அட்டையில் முதல் வரி ‘ஓவியர்: பெயர் பதிவு செய்யப்படவில்லை’ என்று இருத்தல் வேண்டும், மீனின் பெயரும் ரசலின் பெயரும் அதற்குக் கீழே வரலாம்.